கல்தொட்டித் தண்ணீர்

சிஜ்ஜீவி, மால்டா
ஜூலை 11

அன்புள்ள மகன் பெர்ட்டுவுக்கு,

உன் அப்பா விஸ்டின் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் குப்பையில் போட்டுவிடாதே, முழுவதும் படி. நீ மெல்பர்ன் போய்ப் பதினோரு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அங்கே எல்லாம் நலம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வழியாகக் கேள்விப்படுகிறேன். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

ஊர்ச் சேதி அதிகமில்லை. புனித நிக்கலாஸ் திருவிழா போன மாதம் நடந்தது. வெடிக்காரர்கள் இந்த வருடம் காதைக் கிழித்துவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அம்மா கட்டிலில் துள்ளித் துள்ளி விழுந்தாள். அவள் பால்கனிக்கு வராத முதல் திருவிழா இதுதான். வாத்தியக்குழு நம் வாசலில் நின்று ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போனது. நான் கேட்காமலேயே வாசித்தார்கள்.

அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ உபாதை என்று உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். அதற்கு மேல் நான் எழுதக்கூடாது. அவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் மாறியது உனக்குத் தெரியும். வீட்டுக்கு நாலு செடி வரைக்கும், தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் வளர்த்துக்கொள்ளலாம். போன வருடம் நம் உள்முற்றத்தில் நாலு செடி வைத்தேன். ஆமாம், கஞ்சாச் செடிதான். நான்தான் வைத்தேன். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிரிக்கவேண்டும் என்றால் சிரித்துக்கொள், எனக்கு அது சேரவேண்டியதுதான்.

பூவைக் காயவைத்து ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு, தூங்கும் முன் சில சொட்டு கொடுத்தேன். டாக்டர் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே அவள் எழுந்து உட்கார்ந்து, ரொட்டியில் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்டுத் தா என்று கேட்டாள். இரண்டு துண்டு தின்றாள். நான் அடுக்களைக்குள் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். அந்த எண்ணெய் இப்போது அரைச் சீசாதான் இருக்கிறது. இந்த வருடச் செடிகள் கைகொடுத்தால்தான் குளிர்காலத்தில் அவளுக்குக் கொடுக்க முடியும்.

அவைதான் கைகொடுக்கவில்லை. போன வருடம் புதுத் தேங்காய் நார்த்தூள் வாங்கினேன். மண் வேண்டாம், நார்த்தூள்தான் வேருக்கு நல்லது என்று ஹம்ரூனில் செடிக்கடை வைத்திருப்பவன் சொன்னான். அறுவடை முடிந்ததும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கடல் தாண்டி இந்தியாவிலிருந்து வருகிறது, ஒரே வருடத்தில் குப்பையா? என் கல் சலிக்கும் சல்லடையில் போட்டுப் பழைய வேரையெல்லாம் பொறுக்கினேன். முற்றத்துக் கல்தொட்டியில் கொட்டி, உப்புப் போக மூன்று தடவை கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து மறுபடி செடிச் சாடிகளில் நிரப்பினேன். இதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் நடுவில் இருந்து இலை வெளுக்கிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, நடுவெல்லாம் மஞ்சள். தண்ணீரில் அமிலம் எவ்வளவு என்று பிஹெச் பார்க்கிற பேனாக்கருவி வாங்கி வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் எட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்பு என்பது ஊருக்கே தெரிந்த கதை. அமிலம் விட்டு ஐந்து புள்ளி ஒன்பதுக்குக் கொண்டுவருகிறேன். ஆனால் சாடியின் அடியில் வடிகிற தண்ணீரை அளந்தால் ஏழு புள்ளி ஆறு. அமிலத்தைக் கூட்டினேன், இறங்குவதற்குப் பதில் ஏழு புள்ளி ஏழு. இன்னும் கூட்டினேன். பழைய நார்த்தூள் கெட்டுப்போயிருக்கிறது என்கிறான் கடைக்காரன். கருவியைப் பரிசோதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், அது சரியாகத்தான் காட்டுகிறது.

உன்னிடம் கேட்டுச் சொல் என்று அம்மாவிடம் சொன்னேன். இந்த விஷயத்தில் உன்னைவிட விவரம் தெரிந்தவன் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “நான் தூது போக மாட்டேன். உனக்கு வேணும்னா நீயே கேளு. அவன் உனக்கும்தான் புள்ள,” என்றாள்.

அதனால் கேட்கிறேன். உனக்குப் பதில் எழுதப் பிடிக்காவிட்டால் அம்மாவிடம் போனிலாவது ஒரு வார்த்தை சொல். எனக்காக வேண்டாம், அவளுக்காகச் சொல்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

விஸ்டின்


சிஜ்ஜீவி
செப்டம்பர் 15

அன்புள்ள பெர்ட்டு,

உன் கடிதம் ஆகஸ்ட் முதல் வாரமே வந்தது. ஒன்பது வரி எழுதியிருந்தாய். ஒன்பதையும் மனப்பாடமாகச் சொல்வேன். முதல் வரியில் வேறு எதுவும் இல்லை. “கலந்த தண்ணியை எதுல வெச்சிருக்கீங்க?” அவ்வளவுதான்.

படித்தவுடன் கடிதத்தோடு முற்றத்துக்கு ஓடினேன். கல்தொட்டியை உனக்கு நினைவிருக்கும். கல்யாணமான வருடம் அம்மா துணி துவைப்பதற்காக ஒரே கல்லில் நான் குடைந்தது. போன வருடம் வாளியில் அன்றன்றைக்குக் கலந்து அப்போதே ஊற்றிவிடுவேன். இந்த வருடம் அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க, துடைத்துவிட என்று நேரமே கிடைக்கவில்லை. ஞாயிறு காலை ஒரு வாரத்துக்கான தண்ணீரையும் கல்தொட்டியில் நிரப்பி அமிலம் விட்டுக் கலக்கி வைத்துவிடுவேன். கலந்த உடனே அளப்பேன், ஐந்து புள்ளி ஒன்பது. பிறகு வாரம் முழுக்க அளக்கவே இல்லை. நான் ஒரு தடவை அளந்தால் அளந்ததுதானே.

கருவியை எடுத்து அன்று, புதன்கிழமை, தொட்டித் தண்ணீரில் விட்டேன். ஏழு புள்ளி எட்டு. கையை விட்டுத் தடவினேன். உள்பக்கம் மாவு போல உதிர்ந்தது. அமிலம் பாவம், வேருக்குப் போகவே இல்லை, சுண்ணாம்புக்கல்லைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் விடவிடக் கல் கரைந்து தண்ணீரைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நார்த்தூளையும் அதில்தானே கழுவினேன்.

நாற்பத்தோரு வருடம் குவாரியில் கல் அறுத்தவன் நான். சிந்திய எலுமிச்சைச் சாற்றை உடனே துடை, கல்லில் வடு விழும் என்று வீட்டுக்காரம்மாக்களுக்கு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். சொந்த வீட்டில் அது தோன்றவில்லை. ஜிட்டா சித்தி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரில் யார் வேண்டுமானாலும் இந்தத் தப்பைச் செய்யலாம், கல்தச்சன் விஸ்டின் செய்ததுதான் அழகு என்றாள். அம்மாவும் சிரித்தாள். அதற்காகவே இன்னொரு தொட்டியைக் கூடக் கெடுக்கலாம் என்று தோன்றியது.

நீ எழுதியபடியே செய்தேன். இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கினேன். கால்சியமும் மக்னீசியமும் கலந்த கரைசலைத் தண்ணீரில் விட்டு, ஐந்து புள்ளி எட்டுக்குக் கொண்டுவந்து, சாடி ஒவ்வொன்றிலும் அடியில் வடிய வடிய ஊற்றினேன். வடிந்ததை அளந்தேன். ஏழு, ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி ஐந்து. நாலு நாளைக்குப் பிறகு ஆறு புள்ளி ஒன்று. நார்த்தூளில் தப்பில்லை, தூக்கிப்போடாதீர்கள் என்று நீ எழுதியிருந்த வரியை ஜிட்டா சித்திக்குப் படித்துக்காட்டினேன். ஏனென்றால் அவள் ஜூலை முழுக்க அதைத்தான் தூக்கிப்போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளுத்த இலை வெளுத்ததுதான், அது திரும்பவில்லை. ஆனால் புதுசாக வந்த இலையெல்லாம் நல்ல பச்சை. இப்போது பூ வைத்திருக்கிறது. முற்றத்துக் கதவைத் திறந்தால் வாசனை மாடிவரை ஏறுகிறது. இதே வாசனைதான் அன்று உன்னுடைய மாடி அறையிலிருந்து வந்தது.

அதைப் பற்றி எழுதத்தான் ஒரு மாதமாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

அன்று உன் இரண்டு செடியைப் பார்த்ததும் நான் போலீஸுக்குப் போன் செய்தேன். அந்த நிலையத்து சார்ஜெண்ட் என்னோடு சீட்டாடுகிறவர். ஒரு ராத்திரி உட்காரவைத்து மிரட்டி அனுப்பிவிடுவார், பையன் திருந்திவிடுவான் என்று கணக்குப் போட்டேன். ஒரு தடவை வழக்கு என்று பதிந்துவிட்டால் அது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உனக்கு ஆறு மாதச் சிறை போட்டார்கள். பள்ளிக்கூட வேலை போயிற்று. அந்த ஆறு மாதமும் அம்மா வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறி உன்னைப் பார்க்க வந்தாள். நான் ஒரு தடவைகூட வரவில்லை. கோபத்தால் வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் செய்தது தப்பு, பெர்ட்டு. சட்டம் மாறியதால் இதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. சட்டம் மாறாமல் இருந்தாலும் தப்புதான். பெற்றவன் செய்கிற காரியம் இல்லை அது.

இப்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்லக்கூடாது என்று உன் அம்மா சிலுவை மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு வயிற்று உபாதை இல்லை. கணையத்தில் புற்றுநோய். போன வருடம் வசந்தத்தில் தெரிந்தது. அறுவை செய்ய முடியாது என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பார்த்தால் அதிகம் என்கிறார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்வதற்கு அரைமணி முன்பே எண்ணெய்ச் சொட்டை வாங்கிக்கொண்டு, தலையணை வைத்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கிறாள். உன்னிடம் சத்தமாகப் பேசி முடித்ததும் மறுநாள் மதியம்வரை கண் திறப்பதில்லை.

ஜிட்டா சித்தி நேற்று நம் ஊர்க் ‘கைம்பெண் சூப்’ வைத்து எடுத்து வந்தாள். நம் வீட்டில் நோயாளிக்கு எப்போதும் அதைத்தானே கொடுப்போம், முட்டையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் போட்டு. அம்மா கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வீட்டுல கைம்பெண் யாரும் ஆகப் போறதில்லடி. விஸ்டினுக்குன்னு வேற ஏதாச்சும் சூப் இருந்தா கொண்டா,” என்றாள். சித்தி கிண்ணத்தை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

அன்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நான் பேசினேன், உன்னை இழந்தேன். இன்று பேசாதே என்கிறாள், பேசுகிறேன். இந்தத் தடவையாவது என் வாய் நல்லதுக்கு உதவட்டும்.

வா, மகனே. உடனே வா.

உன் அப்பா,
விஸ்டின்


சிஜ்ஜீவி
அக்டோபர் 16, புதன் காலை

என் அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை விமான நிலையத்தில் ஜிட்டா சித்தி உன் கையில் கொடுப்பாள். நான் வரவில்லை என்று தப்பாக எண்ணாதே. அம்மாவை விட்டு அரைமணிகூட நகர முடிவதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரிலேயே படித்துவிடு, சித்தி மெதுவாகத்தான் ஓட்டுவாள்.

நீ அன்று வெள்ளிக்கிழமை போன் செய்தாயே, அப்போதே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஞாயிறு அல்லாத நாளில் நீ எப்போது கூப்பிட்டிருக்கிறாய்? டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னதும் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சத்தியத்தை மீறிவிட்டேன், இன்றைக்கு நம்மை உரித்துவிடுவாள் என்று நின்றேன். அவள் திட்டவே இல்லை. “தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. உன்கிட்ட ஒண்ணைச் சொல்லாதேன்னு சொல்லி நீ சொல்லாம இருந்த நாள் உண்டா விஸ்டின்? அது தெரிஞ்சுதான் சத்தியம் வாங்கினேன்,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நீயே அவனிடம் சொல்லியிருக்கலாமே, ஜூலையிலேயே வந்திருப்பானே, ஏன் இத்தனை மாதம் வீணாக்கினாய் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“நான் கூப்பிட்டா எனக்காக வருவான். என்னைப் பொதைச்சுட்டுத் திரும்பிப் போயிடுவான். நீ கூப்பிட்டாத்தான் வீட்டுக்கு வருவான்,” என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன்.

அறுவடை முடிந்துவிட்டது. போன வாரம் நாலு செடியையும் வெட்டி, உன்னுடைய பழைய அறையில்தான் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அங்கேதான் காற்றோட்டம். உனக்கு ஆட்சேபம் என்றால் மாற்றிவிடலாம். பூ நல்ல கெட்டியாக வந்திருக்கிறது. சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று நீ பார்த்துச் சொன்னால் தேவலை, எனக்கு என் கண்ணில் நம்பிக்கை போய்விட்டது. பழைய எண்ணெயில் இன்னும் நாலைந்து நாளைக்கு இருக்கிறது.

இன்னொன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை சாடிகளைக் கவிழ்த்து நார்த்தூளைச் சல்லடையில் சலித்தேன். வேரைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பீப்பாயில் கழுவி, கால்சியக் கரைசலில் ஊறப்போட்டு, பிஹெச் அளந்து, அளந்ததைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். இந்தத் தடவை ஒரு தப்பும் நடக்கக்கூடாது என்று இரண்டிரண்டு தடவை அளந்தேன். அவள் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தியிருக்கிறோம், முற்றம் முழுக்கத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

“அடுத்த வருஷம் யாருக்கு விஸ்டின்?” என்று கேட்டாள்.

கையில் கருவியோடு நின்றேன். என் கை பழக்கத்தில் செய்துகொண்டே போயிருக்கிறது, யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை. தக்காளிக்கு என்றேன். தக்காளிக்கு மண் போதுமே என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான் பீப்பாயை மூடியால் மூடிவிட்டு உள்ளே வந்தேன். அது இன்னும் அப்படியேதான் ஊறுகிறது, என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ பார்க்கப்போவதை முன்பே சொல்லிவிடுகிறேன். அவள் பாதியாகிவிட்டாள். முகத்தில் மஞ்சள் படர்ந்திருக்கிறது. முடி போய்த் திரும்ப முளைத்தது வெள்ளையாக, பஞ்சு போல இருக்கிறது. நேற்று சித்தியை வைத்து நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அது தோளில் நிற்கவில்லை, பின்பக்கம் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதே. வாசலிலேயே ஒரு நிமிடம் நின்று மூச்சு விட்டுக்கொண்டு, பிறகு உள்ளே போ. பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ நேரே அவளிடம் போ.

என் மேல் உனக்கு இருக்கும் கோபம் ஒரு கடிதத்தில் போகாது, எனக்குத் தெரியும். போகவும் வேண்டாம். அவள் தூங்கிய பிறகு முற்றத்துக்கு வா, கதவைச் சாத்திவிட்டு என்ன சொல்லவேண்டுமோ சொல். பதினோரு வருடத்தையும் சொல். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனில் நீ என்னை ‘அவர்’ என்றுதான் சொல்வாய். ‘அவர் வீட்டுல இருக்காரா’ என்பாய். நான் அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். நாளைக்கு அவள் காதில் விழும்படி ஒரு தடவை என்னை அப்பா என்று கூப்பிடு. அதற்குப் பிறகு நீ கூப்பிடாவிட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

பத்திரமாக வந்து சேர், மகனே. கதவு சாத்தியிருக்காது.

உன் அப்பா